தெர்மல் ட்ரோன் வைத்து ஆற்று மேலோட்ட வேகம் அளப்பது: மூவாற்றுமுகம், பழையாறு, மணக்குடி பொழி

#1 பரளிக்கரை

குமரி மாவட்டத்து மூவாற்றுமுகத்தில் கோதையாறும் பரளியாறும் கூடுகிற இடத்துக்குக் கீழே, ஏறக்குறைய 60 மீட்டர் அகலமுள்ள நேர்த்துண்டு ஒன்றில் மேலோட்ட வேகத்தை வானிலிருந்து அளக்கணும். பகலில் சாதாரண கேமராவில் எடுத்தால் தண்ணீரில் பிடித்துப் பார்க்க ஒண்ணும் கிடைக்காது. நுரையோ சருகோ வந்தால் உண்டு, இல்லையென்றால் வெறும் பச்சைப் பரப்பு. அதனால்தான் தெர்மல்.

கருவி: 640×512 சென்சார், 12 மைக்ரான் பிக்சல், 13 மி.மீ லென்ஸ், நொடிக்கு 30 ஃப்ரேம், என்இடிடி (கேமரா பிரித்தறியும் மிகச் சிறிய சூட்டு வேறுபாடு) 50 மில்லிகெல்வின். ஆற்றின் நடுவில் 60 மீட்டர் உயரத்தில் நிறுத்தி, நேர்கீழே பார்த்து 90 நொடி எம்பி4 வீடியோ. நேரம் சாயங்காலம் 6 மணி, மேகமூட்டம். வீடியோவை நிலைப்படுத்தி (ட்ரோன் ஆட்டத்தைக் கழித்து), பிஐவிலேப்பில் (இரண்டு படங்களை ஒப்பிட்டுத் திட்டுகளின் நகர்விலிருந்து வேகம் கணக்கிடும், பிஐவி முறை மென்பொருள்) அடுத்தடுத்த ஃப்ரேம்களை ஜோடியாகப் போட்டால் அம்புகள் எல்லாம் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கின்றன. கரையில் நின்று பார்த்தால் அரை மீட்டர் வேகமாவது இருக்கும்.

எங்கே தப்பு? கிடைக்கிற வேகத்தை எதால் பெருக்கினால் நீரளவு (நொடிக்கு எத்தனை கனமீட்டர் ஓடுகிறது என்பது) வரும்?

#2 அளவுகோல்

பூஜ்யம் வருவதற்கு உங்கள் விவரத்திலேயே மூன்று காரணம் இருக்கு.

ஒன்று, சட்டகத்தில் கரை இல்லை. 12 மைக்ரான் பிக்சல், 13 மி.மீ லென்ஸ், 60 மீட்டர் உயரம் என்றால் தரையில் ஒரு பிக்சல் 5.5 செ.மீ. படத்தின் அகலம் 640 × 5.5, அதாவது 35 மீட்டர்தான். ஆறு 60 மீட்டர். ஆகவே படம் முழுக்கத் தண்ணீர். நிலைப்படுத்தும் மென்பொருளுக்கு எது தரை, எது தண்ணீர் என்று தெரியாது. தண்ணீரின் திட்டுகளையே நிலையான புள்ளிகளாக எடுத்துக்கொண்டு, அவை நகர்ந்த அளவுக்குப் படத்தைப் பின்னுக்கு இழுத்துவிட்டது. அளக்க வேண்டிய ஓட்டத்தை நீங்களே கழித்துவிட்டீர்கள்.

இரண்டு, அடுத்தடுத்த ஃப்ரேம் எடுத்தது. நொடிக்கு 30 ஃப்ரேமில் அரை மீட்டர் வேகத் தண்ணீர் ஒரு ஃப்ரேமுக்கு 1.7 செ.மீ நகரும். அது 0.3 பிக்சல். தெர்மல் படத்தின் இரைச்சலில் இது காணாமல் போகும். ஜோடிக்கு இடைவெளி அரை நொடி வைத்தால் 25 செ.மீ, அதாவது நாலரை பிக்சல். நாலிலிருந்து எட்டு பிக்சல் நகர்வு வரும்படி இடைவெளியைத் தேர்ந்தெடுங்கள். தேடும் சதுரம் 64 பிக்சல் என்றால் நகர்வு அதில் கால்வாசியான 16 பிக்சலைத் தாண்டக் கூடாது. 

மூன்று, சென்சாரின் சொந்த அழுக்கு. குளிர்விக்கப்படாத மைக்ரோபோலோமீட்டரில் (இந்த வகைத் தெர்மல் சென்சாரில்) ஒவ்வொரு பிக்சலுக்கும் சிறு சிறு வேறுபாடு உண்டு. ஓரங்களில் மங்கலான வளையமும் இருக்கும். தண்ணீரில் இருக்கும் வேறுபாடே 0.1, 0.2 டிகிரிதான் என்னும்போது அந்த அழுக்கு அதைவிடத் துலக்கமாகத் தெரியும். அது சட்டகத்தில் நகராமல் நிற்பதால் மென்பொருள் "நகர்வு பூஜ்யம்" என்று அடித்துச் சொல்லும்.

இதற்கு மருந்து, எல்லா ஃப்ரேமின் சராசரியையும் எடுத்து ஒவ்வொன்றிலிருந்தும் கழிப்பது. ஆனால் இதை நிலைப்படுத்துவதற்கு முன்னால் செய்யணும். நிலைப்படுத்தின பிறகு கழித்தால், அழுக்கு ஏற்கெனவே ட்ரோனின் ஆட்டத்தோடு சேர்ந்து இடம் மாறியிருக்கும். சராசரியில் அது பிடிபடாது. கரையோரத்தில் இந்தக் கழித்தல் சற்று வினோதமாகத் தெரியும், அதனால் நிலைப்படுத்தும் அளவைக் கழிக்காத படத்திலிருந்து கணக்கிட்டு, கழித்த படத்தின் மேல் பிரயோகிப்பது சுத்தம்.

#3 நீராவி

அளவுகோல் சொன்ன மூன்றையும் சரிசெய்தாலும் அந்த 6 மணி வீடியோவில் ஒன்றும் தேறாது. அந்த நேரத்தில், அந்த வானத்தின் கீழே, தண்ணீரில் படம் பிடிக்கிற அளவுக்கு எதுவும் இருந்திருக்காது.

கேமரா எதைப் பார்க்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். 8 முதல் 14 மைக்ரான் அலைநீளத்தில் தண்ணீரின் உமிழ்திறன் 0.98 அளவு. அந்தக் கதிர் தண்ணீருக்குள் மயிரிழைப் பருமன்கூட ஊடுருவாது. மேலே இருக்கும் 10, 20 மைக்ரான் படலத்தின் சூடுதான் பிக்சலில் விழுகிறது. அடியில் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேமராவுக்குத் தெரியாது.

இரவில் அந்த மேல்தோல், ஆவியாவதாலும் வானத்துக்கு வெப்பத்தை விடுவதாலும், கீழே உள்ள தண்ணீரைவிட 0.1 முதல் 0.3 டிகிரி வரை குளிர்ந்து கிடக்கும். ஆற்றுப் படுகையிலிருந்து சுழித்து எழும் கொப்பளிப்பு அந்தத் தோலைக் கிழித்துக்கொண்டு வெதுவெதுப்பான தண்ணீரை மேலே தள்ளும். படத்தில் காலிஃபிளவர் பூ மாதிரி விரிகிற வெளுத்த திட்டு அதுதான். சில நொடிகளில் அது மறுபடி ஆறிவிடும். ஆறுவதற்குள் ஓட்டம் அதை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்கிறது என்பதே நம் அளவு. தண்ணீரில் பொரியோ தவிடோ தூவ வேண்டிய தேவையில்லாமல், ஆறே தன் மேல் அடையாளம் போட்டுக்கொள்கிறது. இந்த முறையின் பெரிய வரம் அது.

ஆனால் தோல் குளிர்ந்தால்தான் கிழிசல் தெரியும். குளிர இரண்டு வழிதான். காற்று உலர்ந்திருந்தால் ஆவியாதல் நடக்கும். வானம் திறந்திருந்தால் கதிரியக்கம் நடக்கும். நம் மாவட்டத்தில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இரண்டுமே அடைபட்டுக் கிடக்கும். ஈரப்பதம் 90-க்கு மேல், தாழ்ந்த மேகம் தண்ணீரின் சூட்டுக்கு அருகிலேயே நின்று திரும்பக் கதிர் அனுப்பிக்கொண்டிருக்கும். போதாததற்கு, சாயங்காலம் என்பது பகலில் சூடேறிய மேற்பரப்பு இன்னும் ஆறி முடிக்காத நேரம். மேலும் கீழும் ஒரே சூடு. கொப்பளிப்பு எழுந்தாலும் எழாவிட்டாலும் படம் ஒரே சாம்பல்.

அமெரிக்க நிலவியல் அளவைத் துறைக்காரர்கள் அலாஸ்காவின் ஆறுகளில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். அங்கே காற்று உலர்ந்தது. அந்தக் கட்டுரைகளின் படங்களைப் பார்த்துவிட்டுக் குழித்துறையில் அதே துலக்கத்தை எதிர்பார்க்க முடியாது.

இங்கே வாய்க்கும் காலம் தை முதல் பங்குனி வரை. விடியற்காலம் நாலரையிலிருந்து ஆறு மணிக்குள், முந்தின இரவு முழுக்க வானம் தெளிந்திருக்கணும். பறக்கவிடும் முன் ஒரு சோதனை: கேமராவை நேராக வானத்தைப் பார்க்கத் திருப்புங்கள். தெளிந்த வானம் பூஜ்ய டிகிரியை ஒட்டிக் காட்டும். 15, 20 என்று காட்டினால் மேகம் மூடியிருக்கிறது. பேட்டரியை வீணாக்க வேண்டாம். அடுத்து கரையிலிருந்தே தண்ணீரை எடுத்து, தண்ணீர்ப் பகுதியின் பிக்சல்களுக்கு மட்டும் திட்ட விலக்கம் பாருங்கள். 50 மில்லிகெல்வின் கேமராவுக்கு அது 100 மில்லிகெல்வினாவது இருக்க வேண்டும்.

#4 பரளிக்கரை

நன்றி நீராவி, அளவுகோல். 120 மீட்டருக்கு ஏற்றினால் 71 மீட்டர் அகலம் விழும், இரு கரையும் ஒரே சட்டகத்தில் வரும் என்று கணக்குப் போட்டேன். 2021 ட்ரோன் விதிகளில் பச்சை மண்டலத்துக்கு (தனி அனுமதி இன்றிப் பறக்கவிடும் பகுதி) 400 அடி வரம்பு, அதற்குள்தான் வருது. இது போதுமா?

#5 அளவுகோல்

வரும், ஆனால் பிக்சல் 11 செ.மீ ஆகிவிடும். கொப்பளிப்பின் பருமன் ஏறக்குறைய ஆற்றின் ஆழத்தளவு. 2 மீட்டர் ஆழத்தில் அது 18 பிக்சல், நன்றாகத் தெரியும். பாறைமேல் முழங்கால் தண்ணீர் ஓடும் இடத்தில் 4 பிக்சல்தான், அதுவும் இரைச்சலோடு. உங்கள் துண்டில் இரண்டும் கலந்திருக்கும்.

80 மீட்டரில் இரண்டு நிறுத்தமாக எடுங்கள். பிக்சல் 7.4 செ.மீ, அகலம் 47 மீட்டர். இடக்கரையில் 10 மீட்டர் தரை தெரியும்படி ஒரு நிறுத்தம், வலக்கரையில் அதேபோல் ஒன்று. ஒவ்வொன்றும் 37 மீட்டர் தண்ணீரைப் பிடிக்கும். நடுவில் 14 மீட்டர் இரண்டிலும் வரும். அந்த நடுப்பகுதியில் இரண்டு வேகமும் ஒத்துப்போனால் உங்கள் வேலை சரி. ஒத்துப்போகாவிட்டால் அளவுமானத்திலோ (ஒரு பிக்சலுக்கு எத்தனை செ.மீ என்பதிலோ) நிலைப்படுத்தலிலோ பிழை இருக்கு என்று அங்கேயே தெரிந்துவிடும். இந்தச் சோதனை ஒரே நிறுத்தத்தில் கிடைக்காது.

25 மீட்டருக்குக் கீழே மட்டும் இறங்காதீர்கள். சுழலிக் காற்று தோலைக் கலைத்துவிடும்.

#6 ஏலாக்கரை

உயரத்தைப் பற்றி ஒண்ணு சொல்லணும். ட்ரோன் காட்டுகிற 80 மீட்டர், அது கிளம்பின இடத்திலிருந்து. கிளம்பினது கரைமேட்டிலோ பாலத்திலோ என்றால், தண்ணீர் அதற்கும் 6 மீட்டர் கீழே கிடக்கும். உண்மை உயரம் 86. நீங்கள் 7.4 செ.மீ என்று கணக்குப் போட்ட பிக்சல் உண்மையில் 7.9 செ.மீ. வேகம் 7 சதவீதம் குறைவாக வரும். எல்லாம் முறையாகச் செய்தும் ஒரு தடவைகூடக் கப்பு மீட்டரோடு (தண்ணீரில் இறக்கி வேகம் அளக்கும் சுழல் கருவி) ஒத்துப்போகவில்லை என்று சொல்லுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அளவுமானத்துக்கும் நிலைப்படுத்தவும் கரைமேல் வைக்கிற அடையாளத் தட்டிலும் அதே சங்கதி. தட்டு தண்ணீர் மட்டத்துக்கு 3 மீட்டர் மேலே இருந்தால், 80 மீட்டர் உயரத்தில் அளவுமானம் கிட்டத்தட்ட 4 சதவீதம் பிசகும். அளவுமானத்துக்கான தட்டு தண்ணீர் விளிம்பில் இருக்கட்டும். மேலே வைத்தது நிலைப்படுத்த மட்டும்.

அப்புறம் காற்று. மேல்தோல் காற்றோடு இழுபடும், காற்று வேகத்தில் ஏறக்குறைய 3 சதவீதம். நொடிக்கு 5 மீட்டர் காற்றென்றால் தோல் 0.15 மீட்டர் வேகத்தில் தன்பாட்டுக்கு நகரும். மழைக்கால மூவாற்றுமுகத்தில் அது பெரிசில்லை. பழையாற்றில் 0.3 மீட்டர் ஓடுகிற நாளில் பாதிக்குப் பாதி தப்பு. அதுவும் ஆடிக்காற்றுக் காலத்தில், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றவைக்கிற அதே காற்றுதான் பழையாற்றுப் படுகையிலும் அடிக்கிறது. சாதாரணக் கேமராவில் மிதக்கும் சருகைப் பின்தொடர்ந்தாலாவது அதில் பாதி தண்ணீருக்குள் இருக்கும். தெர்மலில் நாம் பார்ப்பதே தோலை. அதனால் காற்று 3 மீட்டரைத் தாண்டினால் அளக்காமல் இருப்பது நல்லது. 3 சதவீதத்தைக் கழித்துச் சரிபண்ணலாம் என்பார்கள். தென்னையும் வாழையும் நிற்கிற கரையோரத்தில் காற்று தண்ணீர்மேல் எப்படி அடிக்கிறது என்று ஒரு காற்றுமானியை வைத்துச் சொல்லிவிட முடியாது.

#7 பரளிக்கரை

அண்ணாச்சி, தண்ணீர் விளிம்பில் வைக்கிற தட்டு தெர்மலில் தெரிய எதைப் பயன்படுத்துவது? வெள்ளை, கறுப்புக் கட்டம் போட்ட பலகை விடியலில் சுத்தமாகத் தெரியவில்லை.

#8 கைதைக்காடு

பெயின்ட் நிறம் தெர்மலுக்கு ஒன்றுதான், சாதாரணப் பெயின்டுக்கெல்லாம் உமிழ்திறன் 0.9-ஐ ஒட்டியிருக்கும். இரவில் பலகை முழுக்க ஒரே சூட்டுக்கு வந்துவிடும்.

அலுமினியத் தகடு ஒட்டிய ஒட்டுப்பலகைதான் சரி. சமையல்கட்டில் வைக்கிற ஃபாயிலே போதும். அதன் உமிழ்திறன் 0.05 அளவு, தன் சூட்டைக் காட்டாது, கண்ணாடி மாதிரி வானத்தைக் காட்டும். தெளிந்த வானம் குளிர்ந்தது, ஆகவே படத்தில் தட்டு கன்னங்கறுப்பாகத் தெரியும். பிக்சல் 7.4 செ.மீ-க்கு தட்டு 60 செ.மீ சதுரம் வேண்டும். எட்டு பிக்சல் இருந்தால் நடுப்புள்ளியை நம்பிக்கையாக எடுக்கலாம்.

இதில் கெட்டுப்போகிற விதம் இரண்டு. தட்டுக்கு மேலே தென்னை ஓலையோ ரப்பர் மரமோ இருந்தால், வானத்துக்குப் பதிலாக இலையின் சூட்டைத்தான் காட்டும். பக்கத்துத் தரையோடு கலந்து மறைந்துவிடும். திறந்த வானத்தின் கீழ் வைக்கணும். அடுத்தது பனி. விடியலில் ஃபாயில் மேல் பனித்துளி படர்ந்தால் அது தண்ணீர்ப் படலம், உமிழ்திறன் 0.98. வைக்கும்போது கறுப்பாக இருந்த தட்டு அரைமணி கழித்துக் காணாமல் போகும். ட்ரோன் மேலே போவதற்குச் சற்று முன் ஒருவர் துணியால் துடைத்துக்கொண்டே வரணும். இல்லையென்றால் கவிழ்த்து வைத்து, கடைசி நிமிடத்தில் திருப்புங்கள்.

மூடல் வானத்தில் ஃபாயில் பிரயோஜனப்படாது. அப்போது சூடான இலக்கு வேண்டும். அகலமான தட்டில் இரண்டு விரற்கடை வெந்நீர் ஊற்றி வைத்தால் இருபது நிமிடம் தாங்கும். சிரட்டைக் கனல் நன்றாகத் தெரியும் என்று பலர் வைக்கிறார்கள். வேண்டாம். படத்தின் வெளுப்பு-கறுப்பு வரம்பைக் கேமரா தானாக மாற்றிக்கொள்ளும் வசதி, அதாவது ஏஜிசி, கனலின் கடுஞ்சூட்டைச் சட்டகத்தில் கண்டதும் மொத்த அளவையும் அதற்கு விரித்துவிடும். தண்ணீரின் கால் டிகிரி வேறுபாடு ஒரே சாம்பலுக்குள் அமுங்கிப்போகும்.

#9 அளவுகோல்

கைதைக்காடு அக்கா தொட்ட ஏஜிசி விஷயம் முக்கியம். அதை அணைத்து வைக்க முடிந்தால் அணையுங்கள். முடியாவிட்டால் சூட்டு வரம்பைக் கையால் பூட்டுங்கள், தண்ணீரின் சூட்டுக்கு இருபுறமும் ஒரு டிகிரி. எம்பி4 எடுக்காதீர்கள். 8 பிட் அமுக்கல், தண்ணீரில் இருக்கும் மெல்லிய திட்டைத்தான் முதலில் துடைக்கும், ஏனென்றால் அதன் கண்ணுக்கு அது இரைச்சல். 14 அல்லது 16 பிட் டிஃப் (TIFF படக் கோப்பு) வரிசையாகப் பதிவு செய்யும் வழி இருந்தால் நொடிக்கு 9 ஃப்ரேம் வந்தாலும் போதும். மெதுவான ஆற்றுக்கு 2 ஃப்ரேமே போதும் என்று மேலேயே பார்த்தோம்.

ஷட்டர் பிரச்சினையும் உண்டு. தெர்மல் கேமரா சில நிமிடத்துக்கு ஒருமுறை தனக்குள் ஒரு தகட்டை மூடி பிக்சல்களைச் சரிசெய்துகொள்ளும். டிக்கென்று சத்தம் கேட்கும், படம் அரை நொடி உறையும், பிறகு அளவெல்லாம் ஒரு படி குதிக்கும். உறைந்த ஃப்ரேம் ஜோடியில் விழுந்தால் வேகம் பூஜ்யம். கேமராவை 15 நிமிடம் ஓடவிட்டுச் சூடு நிலைத்தபின், பதிவு தொடங்கும் முன்னால் கையால் ஒருமுறை ஷட்டரைத் தட்டுங்கள். 60 நொடிப் பதிவுக்குள் மறுபடி வராது. வந்தால் அந்த இடத்தில் வெட்டி, இரண்டு துண்டாகக் கணக்கிடுங்கள்.

இரைச்சல் மிகுந்த படத்துக்கு இன்னொரு வழி: ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனி அம்பு எடுத்துப் பிறகு சராசரி போடாமல், எல்லா ஜோடியின் ஒப்புமைத் தளத்தையும் (எவ்வளவு நகர்த்தினால் இரு படமும் எவ்வளவு ஒத்துப்போகும் என்ற வரைபடத்தையும்) கூட்டிவிட்டு, ஒரே ஒரு உச்சத்தைத் தேடுங்கள். 60 நொடியில், நொடிக்கு இரண்டு ஜோடி என்றால் 120 தளங்கள். தனித்தனியாகப் பார்த்தால் உச்சமே தெரியாத இடத்தில்கூட, கூட்டினால் எழுந்து நிற்கும். பிஐவிலேப்பில் இந்த வசதி இருக்கு.

#10 ஏலாக்கரை

> இங்கே வாய்க்கும் காலம் தை முதல் பங்குனி வரை

நீராவி, நீங்கள் சொல்லுவது இயற்பியலுக்குச் சரி. ஆனால் நீரளவு வேண்டியிருப்பது வெள்ளத்துக்கு. 2021 நவம்பரில் மாவட்டமே தண்ணீரில் நின்ற ராத்திரிகளில் கப்பு மீட்டரை யாரும் இறக்க முடியாது. தையில் தண்ணீர் தெளிந்து, ஆளிறங்கி அளக்கலாம் என்கிற நாளில் தெர்மல் எதற்கு?

#11 நீராவி

நியாயமான கேள்வி அண்ணாச்சி. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: மழை பெய்துகொண்டிருக்கும் வெள்ள ராத்திரிக்கு இது உதவாது. ஒவ்வொரு மழைத்துளியும் தோலைக் குத்திக் கலைக்கும். கொப்பளிப்பின் எழுத்து அழிந்துபோகும். மூடுபனியும் மழையும் இந்த அலைநீளத்தை விழுங்கும். ட்ரோனும் அந்த நேரம் மேலே இருக்கக் கூடாது. வெள்ளத்துக்கென்றால் பாலத்தில் நிலையாகப் பொருத்திய ரேடார் வேகமானிதான் வழி. இருட்டும் மழையும் அதற்குப் பெரிய தடையில்லை.

ஆனால் வெள்ளம் வடிகிற நாட்கள் இருக்கின்றனவே. மழை விட்டு வானம் கொஞ்சம் திறந்திருக்கும், ஆறு இன்னும் பாதி கரை ஓடும், தண்ணீர் செம்மண் கலங்கல். அப்போது இரண்டு விஷயம் கூடிவரும். அணை திறந்துவிட்ட தண்ணீரும் ஓடைகளில் வந்து சேர்கிற மழைத் தண்ணீரும் ஒரே சூட்டில் இருக்காது. பேச்சிப்பாறையிலிருந்து கோதையாற்றில் வருவதற்கும், பெருஞ்சாணியிலிருந்து பரளியாற்றில் வருவதற்கும் வேறுபாடு இருந்தால், மூவாற்றுமுகத்துக்குக் கீழே அது நூலிழைகளாக முறுக்கிக்கொண்டு போவது படத்தில் தெரியும். நுரையும் தனியாகத் தெரியும். 0.2 டிகிரித் தோலை நம்பவேண்டிய நிலைமை அப்போது இல்லை. மேட்டளவு நீர்மட்டத்துக்கு ஒரு நீரளவு கிடைத்தால் மட்டம்-நீரளவு வளைகோட்டின் (நீர்மட்டத்தை வைத்து நீரளவு சொல்லும் கோடு) மேல்பாதிக்கு ஒரு நல்ல புள்ளி.

ஓர் எச்சரிக்கை. இரண்டு ஆறும் கலக்கிற கோட்டின் மேல் உருண்டு போகிற பெரிய சுழிகளை அளவாக எடுக்காதீர்கள். ஒருபுறம் 0.8, மறுபுறம் 0.4 ஓடினால் அந்தச் சுழி 0.6-ஐ ஒட்டி நகரும். அது எந்தப் பக்கத்துத் தண்ணீரின் வேகமும் இல்லை. குறுக்குவெட்டை கூடுமிடத்துக்குக் கீழே, ஆற்றின் அகலத்தைப்போல் பல மடங்கு தள்ளி வையுங்கள்.

#12 ஏலாக்கரை

வடிகிற வெள்ளத்துக்கு என்றால் ஒத்துக்கொள்கிறேன்.

#13 மணக்குடிப்பொழி

பழையாறு கடலில் விழும் மணக்குடியில் இதே முறையை யாராவது பயன்படுத்துவதாக இருந்தால் சில விஷயம். பொழிமுகத்தில் (ஆறு கடலில் சேரும் வாயில்) சூட்டு வேறுபாட்டுக்குப் பஞ்சமில்லை. வத்தத்தில் (கடல் வற்றும் வேளையில்) காயல் தண்ணீர் வெளியே இழுபடும்போது அதற்கும் கடல் தண்ணீருக்கும் இடையே கத்தி வைத்து வெட்டின மாதிரி கோடு விழும். படம் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும் என்பதே ஆபத்து.

அந்தக் கோடு நகர்கிற வேகம் தண்ணீரின் வேகம் இல்லை. இரண்டு பக்கத் தண்ணீரும் கோட்டை நோக்கி ஓடி வந்து, உப்புத் தண்ணீர் கனம் என்பதால் அடியில் நுழையும். நுரையும் சருகும் கோட்டில் தங்கிக் கிடப்பது அதனால்தான். கோடு அசையாமல் நின்றுகொண்டே இருபுறமும் தண்ணீர் ஓடலாம். மென்பொருள் மிகத் துலக்கமான அடையாளத்தைத்தான் பிடிக்கும், கோட்டைப் பிடித்து "வேகம் பூஜ்யம்" என்று கொடுத்துவிடும். கோட்டுக்கு இருபுறமும் பத்துப் பிக்சல் முகமூடி போட்டு மறைத்துவிட்டு, உள்ளே இருக்கும் சன்னமான திட்டுகளில் மட்டும் அளக்கணும்.

அடுத்து, மேலே நன்னீர் கடலைப் பார்க்க ஓடும்போது அடியில் உப்புத் தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டிருக்கும். இங்கே மேலோட்ட வேகத்தை எந்த எண்ணால் பெருக்கினாலும் நீரளவு வராது. படம் மேலோட்டத்துக்கு மட்டும் சாட்சி. அடிக்கு ஏடிசிபி (ஒலியலையால் ஒவ்வோர் ஆழத்திலும் வேகம் அளக்கும் கருவி) இறக்கித்தான் ஆகணும். மணல் பொழியை அடைத்திருக்கிற மாதங்களில் காயலில் தெரியும் நகர்வு பெரும்பாலும் காற்று இழுப்புதான்.

பழையாற்றின் கீழ்ப்பகுதியில் ஆகாயத்தாமரையையும் கவனிக்கணும். மிதந்து வருவது நல்ல அடையாளம், ஆனால் அதன் இலை காற்றைப் பிடிக்கும். கைதைப் புதரில் சிக்கி நிற்பது பூஜ்ய வேகம் காட்டும். சாதாரணக் கேமராப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முகமூடி வரையுங்கள்; தெர்மலில் மட்டும் பார்த்தால் எது செடி, எது குளிர்ந்த திட்டு என்று குழம்பும்.

#14 பரளிக்கரை

பிஐவி இல்லாமல் எஸ்டிஐவி (தூரம்-நேரம் படத்திலிருந்து வேகம் எடுக்கும் முறை) போடலாமா? கொப்பளிப்பு ஆறி மறைவதற்குள் பிடிக்க அது எளிது என்று படித்தேன்.

#15 அளவுகோல்

ஜப்பானில் கோபே பல்கலைக்கழகத்தின் ஃபுஜிட்டா குழு கொண்டுவந்த முறை. நேரான துண்டுக்கு எனக்கு அதுதான் பிடித்தம், காரணம் உங்கள் கண்ணாலேயே சரிபார்க்கலாம். ஓட்டத்தின் திசையில் 10 மீட்டர் நீளத்துக்குக் கோடு போட்டு, அந்தக் கோட்டின் பிக்சல்களை ஒவ்வொரு ஃப்ரேமிலிருந்தும் எடுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குங்கள். கிடைப்பது ஒரு படம்: கிடைமட்டம் தூரம், செங்குத்து நேரம். நகர்கிற திட்டுகள் அதில் சாய்ந்த வரிகளாகத் தெரியும், பனை ஓலைப் பாயின் பின்னல் மாதிரி. சாய்வுதான் வேகம். பிக்சல் அளவை நொடிக்கு எத்தனை ஃப்ரேமோ அதால் பெருக்கி, செங்குத்திலிருந்து அளந்த கோணத்தின் டேன்ஜென்டால் பெருக்கவும்.

7.4 செ.மீ பிக்சல், நொடிக்கு 10 ஃப்ரேம் என்றால் 45 டிகிரிச் சாய்வு 0.74 மீட்டர் வேகம். 30 டிகிரி என்றால் 0.43, 60 என்றால் 1.28. கோணம் 30-க்கும் 60-க்கும் நடுவே விழும்படி ஃப்ரேம் எண்ணிக்கையை மாற்றுங்கள். வரி ஒரே நேராக இருந்தால் வேகம் நிலையானது. அலை அலையாக நெளிந்தால் ட்ரோன் ஆட்டம் சரியாகக் கழியவில்லை. சாய்ந்த வரிக்குக் குறுக்கே செங்குத்து வரிகள் தெரிந்தால் சென்சார் அழுக்கோ, பாறைக்குப் பின்னால் நிற்கிற நிலையலையோ; அதை ஃபூரியே வடிகட்டியில் நீக்கலாம்.

கோட்டின் திசை ஓட்டத்தின் திசையோடு ஒத்திருக்கணும். பாறை பக்கத்தில் ஓட்டம் வளைந்து போகிற இடத்தில் பிஐவி போட்டுத் திசையைத் தெரிந்துகொண்டு பிறகு இதைப் போடுங்கள்.

#16 பரளிக்கரை

நல்லது. கடைசிக் கேள்வி, நீரளவுக்கான பெருக்கெண்?

#17 ஏலாக்கரை

0.85. ஆழவாக்கில் வேகம் 1/6 அடுக்கு விதியில் மாறினால் 0.857, 1/7 என்றால் 0.875. மிதவைக்குப் போடுகிற அதே எண் என்பதால் புதிசாக நினைக்க ஒன்றுமில்லை. பாறைப் படுகையில், ஆழம் குறைந்த இடத்தில் இது இன்னும் இறங்கும். உங்கள் துண்டுக்கு ஒரு நாள் கப்பு மீட்டரை 0.6 ஆழத்தில் வைத்து, அதே நேரம் மேலோட்டத்தையும் எடுத்து, உங்கள் எண்ணை நீங்களே கண்டுபிடியுங்கள்.

கணக்கு இப்படி: ஆற்றைக் குறுக்கே 12 துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மேலோட்ட வேகம் × 0.85 × அகலம் × ஆழம். ஒட்டுமொத்தமாகச் சொன்னால் மேலோட்டம் சராசரி 0.62, குறுக்குவெட்டு 58 சதுர மீட்டர் என்றால் 0.62 × 0.85 × 58 = 30.6 கனமீட்டர். கனஅடியில் 1,080. ஆழம் மட்டும் வானிலிருந்து வராது. வள்ளத்தில் கயிறு இறக்கியோ, மீன் பார்க்கிற சோனாரைக் கட்டி இழுத்தோ எடுக்கணும். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் படுகை மாறும். பழைய குறுக்குவெட்டை வைத்துப் புது வேகத்தைப் பெருக்கினால் வானிலிருந்து அளந்த துல்லியம் எல்லாம் வீண்.

சரிபார்க்க மிதவை போடுங்கள். வழக்கமான மிதவை தெர்மலில் தெரியாது. ஒரு லிட்டர் பாட்டிலில் முக்கால்வாசிக்கு மேல், கழுத்துக்குச் சற்றுக் கீழே வரை, 60 டிகிரி வெந்நீர் நிரப்பி மூடுங்கள். கொதிநீர் ஊற்றினால் பாட்டில் சுருங்கிவிடும். உடல் பெரும்பாலும் தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்கும், காற்று பிடிக்காது. மேலே தெரியும் முதுகு படத்தில் பளிச்சென்று மூன்று பிக்சல் நீளத்துக்குத் தெரியும். 20 மீட்டர் தூரத்துக்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் படத்திலேயே எண்ணலாம். துண்டுக்கு மூன்று பாட்டில். கீழே வள்ளத்தில் ஓர் ஆள் நின்று அத்தனையையும் திரும்ப எடுக்கணும், ஒன்றுகூட ஆற்றில் போகக் கூடாது.

#18 கைதைக்காடு

விடியலில் போவதாக இருந்தால் லென்ஸையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏசி காரிலிருந்து எடுத்த கேமரா வெளியே வந்ததும் ஜெர்மேனியம் லென்ஸில் ஈரம் படரும். ஜெர்மேனியம் வழியாகக் கண்ணுக்கு எதுவும் தெரியாது, அது வெறும் சாம்பல் உலோகம் மாதிரி, அதனால் படர்ந்ததும் கவனத்தில் வராது. படம் மொத்தமும் மங்கினதை "இன்றைக்குத் தண்ணீரில் வேறுபாடு இல்லை" என்று எடுத்துக்கொள்வார்கள். பெட்டியை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய் அரைமணி மூடியே வையுங்கள், பிறகு திறங்கள். வேட்டித் துணியால் துடைத்தால் மேற்பூச்சு கீறும். லென்ஸ் துணி மட்டும்.

#19 பரளிக்கரை

குறித்துக்கொண்டேன் அக்கா. 80 மீட்டர் இரண்டு நிறுத்தம், 16 பிட் டிஃப், நொடிக்கு 10 ஃப்ரேம், விளிம்பில் நாலு ஃபாயில் தட்டு, மேட்டில் நாலு, ஒன்பது பாட்டில். மேகம் விலகின விடியலுக்குக் காத்திருக்கிறோம். முதலில் மூன்று துண்டில் மட்டும் பாட்டிலோடு ஒப்பிட்டு எண்களை இங்கே போடுகிறேன்.

#20 அளவுகோல்

போடும்போது கழிக்காத மூல ஃப்ரேம் ஒரு பத்தும் சேர்த்துப் போடுங்கள். அம்புப் படத்தை மட்டும் வைத்து யாராலும் எதையும் சொல்ல முடியாது.